ஒரு மாணவருக்குக் காட்ட எந்த எண் நல்லது: 2147483647-ஆ, 4294967297-ஆ?

முதல் எண்ணை இரட்டித்து 3 கூட்டினால் இரண்டாவது வந்துவிடும். ஒன்று 2-இன் 31-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு, மற்றது 32-ஆம் அடுக்கைவிட ஒன்று அதிகம். இவ்வளவு நெருங்கிய சொந்தம், ஆனால் முதலாவது பகா எண், இரண்டாவது பகு எண். இரண்டு வழக்கையும் தீர்த்தவர் கணித மேதை ஆய்லர், 40 வருட இடைவெளியில்.

ஒன்றைக் குறைத்து, வர்க்கப்படுத்தி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும்படி 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். அடுத்து வருவதுதான் 4294967297. அது 641 × 6700417 என்று 1732-இல், 25 வயதில், ஆய்லர் உடைத்துக் காட்டினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்று பின்னாளில் அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும், ஐந்தாவது அடியிலேயே பூட்டு திறந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது சரிபார்க்கும் வழி. 641 என்பது 5 × 128 + 1, அதே 641 தான் 625 + 16. முதலாவதன்படி 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, ஆகவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம், போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். பெரிய பெருக்கல் ஒன்றுகூட இல்லை.

2147483647 இப்படி இளகாது. 1772-இல், பார்வை பெரும்பாலும் போய்விட்ட நிலையில், ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவினார். காரணியை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தான் வரமுடியும் என்று வடிகட்டியும், அதன் வர்க்கமூலமான 46340 வரை 370-க்கும் மேற்பட்ட எண்கள் மிஞ்சும், அவற்றில் பகு எண்களைத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் வகுத்தே பார்க்க வேண்டும். ஆனால் பலன் பெரியது. இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் செவ்விய எண்.

கணினிப் பக்கமும் முதலாவதுக்கே செல்வாக்கு. குறியுள்ள 32 பிட்டில், அதாவது கூட்டல்/கழித்தல் குறிக்கும் சேர்த்து 32 இரும இலக்கங்களில், அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான், அப்படி நேரத்தை நொடிகளாக எண்ணும் பழைய கணினிகளின் கணக்கு இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும். 4294967297-ஐ 32 பிட்டில் திணித்தால் 1 மட்டுமே மிஞ்சும்.

சரி, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால்? நான் 4294967297-ஐத்தான் எடுப்பேன். மற்றதற்கு யாரோ செய்த வகுத்தல்களை நம்ப வேண்டும், இதற்கு அரைப் பக்கத் தாளும் 641-உம் போதும்.