செப்பு முலாமும் உப்புக்காற்றும்: அமெரிக்கச் சென்ட் காசுகளைக் கீழக்கரையில் வைத்திருந்த அனுபவம்

நாணயம் சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளைய நண்பர் ஒருவர், "காக்கா (அண்ணன்), அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்களே, இப்போதே ரோல் ரோலாக (ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய பொதிகளாக) வாங்கி வைத்துவிடலாமா?" என்று கேட்டார். 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட் அடிக்கப்பட்டதிலிருந்து வேறு சிலரும் இதையே கேட்கிறார்கள். விலை ஏறுமா என்பதை அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் காசுகளைப் பல ஆண்டுகளாகக் கடலோர வீட்டில் வைத்திருப்பவன் என்ற முறையில், அவற்றின் மேற்பரப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1982ஆம் ஆண்டின் இடையில் இந்தக் காசின் உலோகம் மாறியது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததே. 3.11 கிராம் எடையிருந்த செப்புக் கலவைக் காசு, 97.5 விழுக்காடு துத்தநாகமும் 2.5 விழுக்காடு செம்புமாக 2.5 கிராமுக்கு இறங்கியது. அந்தச் சிறிதளவு செம்பிலும் ஒரு பங்கு உள்ளே கலவையில் போய்விடுவதால், மேலே முலாமாகப் படிவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான கனம்தான். என் மனக்குறை முழுவதும் இந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

முலாம் பூசுவதற்கு முன் துத்தநாக வில்லையில் எண்ணெய்ப் பிசுக்கோ ஆக்சைடோ எஞ்சியிருந்தால் அந்த இடத்தில் செம்பு சரியாகப் பற்றாது. அடியில் அகப்பட்ட வாயு, காசு அச்சில் அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பத்தில் விரிந்து, பொரிந்த அப்பளத்தின் மேல் எழுவது போன்ற கொப்புளங்களாகப் புடைக்கிறது. காசின் முகப்பில் இருக்கும் அதிபர் லிங்கனின் கன்னத்தில், ஆண்டின் இலக்கங்களுக்கு நடுவில், எழுத்தின் காலடியில் என்று அவை எங்கும் இருக்கும். இன்னொரு குறை, எழுத்துகளின் ஓரத்தில் முலாம் இழுபட்டுக் கிழிந்து, உள்ளேயிருக்கும் துத்தநாகம் சாம்பல் நிறக் கோடாகத் தெரிவது. சேகரிப்பாளர்களுக்கெனப் பளபளப்பாக அடிக்கப்படும் புரூஃப் காசுகளும் இதற்கு விலக்கல்ல. கண்ணாடி போன்ற அவற்றின் வெற்றுப் பரப்பில் ஒரு சிறு புடைப்பும் உடனே கண்ணில் உறுத்துகிறது.

உலர்ந்த ஊரில் இருப்பவர் இதைச் சிறு குறையென்று பொறுத்துக்கொள்ளலாம். நம் கடற்கரையில் பொறுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதை நம் ஊர்க்காரர்கள் அறிவார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும் என்பதற்காகவே அவ்வாறு செய்கிறார்கள். காசிலும் அதே வேதியியல்தான் நடக்கிறது, ஆனால் இங்கே அது கேடாக முடிகிறது. கொப்புளம் உடைந்தோ முலாம் கிழிந்தோ ஊசிமுனையளவு வழி திறந்தால், சுற்றியுள்ள செம்பு முழுவதும் ஒரு பக்கமும் அந்தப் புள்ளியளவு துத்தநாகம் மறுபக்கமுமாக நின்று, உப்பும் ஈரமும் சேர்ந்தவுடன் துத்தநாகம் விரைந்து அரிக்கப்படுகிறது. வெண்பொடி உண்டாகி, அது இடம் தேடிச் செம்பை மேலும் தூக்குகிறது. வாடைக்காற்று மாதங்களுக்கு முன் சிறு புள்ளியாக இருந்தது, மழை ஓய்ந்தபின் பார்த்தால் கரும்பள்ளமாகியிருக்கிறது. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தின் அகழாய்வில் ரோமானியச் செப்புக் காசுகள் பல நூற்றாண்டு மண்ணுக்குப் பிறகும் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே, உறைக்குள் பத்திரமாக வைத்த நம் காலத்துக் காசு கண்ணெதிரே அழிவதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

அதைவிடக் கோபம் தருவது, இந்தக் கொப்புளங்களையே அரிய 'இரட்டை அச்சு' (எழுத்தோ உருவமோ இரட்டையாகப் பதிந்த அச்சில் அடித்த காசு) என்று சொல்லி விற்பது. 1983ஆம் ஆண்டின் பின்பக்க எழுத்துகள், 1995ஆம் ஆண்டின் 'லிபர்ட்டி' போன்ற உண்மையான இரட்டை அச்சுகள் அச்சைச் செய்யும்போதே உண்டானவை. ஆகவே அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே வடிவில், எழுத்து மூலைகளில் பிளவுடன், திடமான புடைப்பாகத் தெரியும். கொப்புளத்துக்கு ஒழுங்கான உருவம் கிடையாது. பல்குச்சியால் மெல்ல அழுத்தினாலே அமுங்கிவிடும். இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். குறையில்லாத புதுச் சென்ட் ஒன்றின் நிறத்துக்கு ஈடாக என் பெட்டியில் வேறு காசு இல்லை. பழைய கலவைக் காசில் இல்லாத, தூய செம்புக்கே உரிய இளஞ்சிவப்பு அது. 2009இல் லிங்கனின் இருநூறாவது பிறந்த ஆண்டுக்காக வந்த நான்கு பின்பக்கங்களில், மரத்துண்டின் மேல் அமர்ந்து அவர் படிக்கும் காட்சியை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். கையில் புழங்கிச் செலவழிவதற்காகவே செய்த காசிடம் காலகாலத்துக்கும் நிலைக்கும் மேற்பரப்பை எதிர்பார்ப்பதும் முழு நியாயமாகாது.

அப்படியிருந்தும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். ஐம்பது காசு கொண்ட மூடிய ரோலில் எத்தனை கொப்புளம் இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும்; பிரித்தபின் நம் காற்று அவற்றை விடாது. ஆசை விடவில்லையென்றால் 2009ஆம் ஆண்டுச் சேகரிப்பாளர் தொகுப்பைத் தேடட்டும். அதில் உள்ள சென்ட்கள் பழையபடி 95 விழுக்காடு செம்பு. துத்தநாகக் காசுதான் வேண்டுமென்றால் தனிக்காசாக, சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து, முகத்தையும் ஆண்டு இலக்கங்களையும் பார்த்து எடுக்க வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் உறை கூடாது, அது அமிலம் கசியும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் அந்த ஜெல்லை மாற்றிவிட வேண்டும். இவ்வளவும் சொன்ன நான், 2025 என்று பொறித்த கொப்புளமில்லாத சென்ட் ஒன்றை எடுத்து வைக்கும்படி அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் கேட்டிருக்கிறேன்.