டெல்டாவில் சைனீஸ் எல்ம் போன்சாய்: இலைப்புள்ளியும் இலையுதிர்வும், நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் போன்சாயாக, அதாவது சிறு தட்டில் குட்டை மரமாக, வளர்க்க இளம் சைனீஸ் எல்ம் மரக்கன்று வாங்குபவர்கள் கேட்பது அனேகமாக ஒரே கேள்விதான்: இலையில் புள்ளி விழுகிறது, கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? பல பருவம் இந்தக் கன்றுகளை வைத்துப் பராமரித்ததில் சொல்ல முடிவது, மருந்துக் கடைக்குப் போகும் முன் எந்த இலை கொட்டுகிறது, புள்ளி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பல நேரம் கோளாறு தொட்டிக்குள் இருக்கும். மருந்து இலையில் அடித்துக்கொண்டிருப்போம்.

முதலில் பயப்படத் தேவையில்லாதவை. சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மரம் இது. அங்கே குளிரில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். இங்கே தை மாத இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும் என்பதால் முழுத் தூக்கம் கிடையாது. புதுத் துளிர் வரும் முன் உள்பக்கத்துப் பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளாகி விழும். புள்ளி இருக்காது, நுனித் துளிர் பச்சையாக இருக்கும். அது இயல்பு. கூரியரில் வந்த கன்று பெட்டி இருட்டின் அதிர்ச்சியில் மொத்த இலையையும் கொட்டுவதும் அப்படித்தான். நகத்தால் பட்டையை லேசாகக் கீறி உள்ளே பச்சை தெரிந்தால், நிழலில் வைத்து 2 முதல் 4 வாரம் பொறுக்கலாம். ‘இன்டோர் போன்சாய்’ என்று எழுதி விற்றாலும் ஹாலில், அதுவும் ஏசி அறையில், வைக்காதீர்கள். அங்கே கொட்டுவது நிற்கவே நிற்காது.

இனி புள்ளி. இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டமான பழுப்பு அல்லது கறுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், நடுவில் நிறம் வெளுத்து ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் என்றால் பூஞ்சாணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் இதுதான் முதல் சந்தேகம். ஓரமும் நுனியும் மட்டும் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீரில் உப்பு. வெயில் படும் பக்கம் மட்டும் காகிதம் மாதிரி காய்ந்தால் வெயில் சூடு. நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் இது சகஜம். வெளிர்ப் புள்ளிகள் மணல் தூவினாற்போல் இருந்தால் கிளைக்குக் கீழே வெள்ளைக் காகிதம் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி. சித்திரை, வைகாசியிலும் ஆனி மேல்காற்றிலும் அதன் ஆட்டம் அதிகம்.

வயல் ஓரத்து வீடுகளுக்கு இன்னொன்று. நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த பிறகு துளிர் முறுக்கிக்கொண்டு வந்தால் அது நோயே இல்லை, காற்றில் வந்த மருந்து. அதற்கு வேறு மருந்து தேடிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கன்றைக் கெடுப்பது மண் கலவை. நர்சரியிலிருந்து வரும் கன்றின் வேர், நார்க்கழிவும் களிமண்ணும் இறுகிய உருண்டைக்குள் இருக்கும். வெளியே நல்ல கலவை போட்டாலும் அந்த உருண்டை ஈரத்தைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். சோதனை எளிது: தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் கீழ்த் துளை வழியாக ஓட வேண்டும். மேலே குட்டையாக நின்றால் அடைத்திருக்கிறது. ஒரு மூங்கில் குச்சியை 10 நிமிடம் செருகி எடுத்துப் பார்த்தாலும் உள் ஈரம் தெரிந்துவிடும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். வேர் இப்படி அழுகினால் இலை முதலில் மஞ்சளாகி, பிறகு நுனி கறுத்து, புள்ளியோடு கொட்டும். பார்த்தால் அச்சு அசல் பூஞ்சாண நோய் மாதிரியே இருக்கும்.

கலவையாக இங்கே நன்றாக வேலை செய்வது: 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சலித்த நாட்டுச் செங்கல் துண்டு 6 பங்கு, மக்கிய தொழு உரம் 2 பங்கு, கரியாக்கிய உமி 2 பங்கு. செங்கல் தூளைக் கழுவிக் கொட்டிவிட வேண்டும். அது தங்கினால் சிமெண்ட்போல இறுகும். உமி கரியாக இருக்க வேண்டும், வெந்து சாம்பலானது கூடாது. வண்டலையும் சவுடையும் போன்சாய் தட்டில் சேர்க்காதீர்கள், நெல்லுக்கு எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் சரி. தொட்டி மாற்றத் தை, மாசி ஏற்றது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மழைக்காலத்தில் அழுகல் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கறுத்த வேரை மட்டும் நீக்கி, கரடான கலவைக்கு மாற்றி, மழை படாத இடத்தில் வையுங்கள்.

அடைமழை நாட்களில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்த்து விடுங்கள். அடியில் தேங்கும் நீர் வடிந்துவிடும். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டின் பலன் பல மருந்துகளைவிட மேல்.

பூஞ்சாணப் புள்ளிக்கான மருந்துகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம். மழைக்கு முன் தடுப்பாக அடித்தால் நல்ல பலன். மப்பும் மந்தாரமுமாக இலை காயாத நாளில் அடித்தால் இளந்துளிர் கருகும், கவனம். மாங்கோசெப் 2 கிராமும் புள்ளி பரவாமல் பிடிக்கும், ஆனால் பெருமழையில் கழுவிக்கொண்டு போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும். இரண்டுமே ஏற்கெனவே விழுந்த புள்ளியை அழிக்காது. புது இலை சுத்தமாக வருகிறதா என்பதை வைத்துத்தான் பலனைக் கணக்கிட வேண்டும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கலந்து தொடக்கத்திலிருந்தே கொடுத்தால் உதவும். நோய் முற்றியபின் அதை நம்ப வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எதையும் அடிக்காதீர்கள்.

செஞ்சிலந்திக்கு முதலில் இலையின் அடிப்பக்கம் நல்ல வேகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது, காலையில். போதவில்லை என்றால் வேப்பெண்ணெய் 3 மில்லி, சில சொட்டுத் திரவ சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு. நனையும் கந்தகம் 2 கிராமும் கேட்கும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தாலும், எண்ணெய் அடித்து 2 வாரம் ஆகாவிட்டாலும் இலை கருகும். நம்மூர்க் கோடையில் கந்தகத்துக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்து மட்டும் எல்ம் பக்கம் வேண்டவே வேண்டாம். மற்றச் செடிக்கு அடித்த மிச்சத்தை இதற்கும் அடித்துவிட்டு, மொத்த இலையும் கொட்டியபின் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் சேமிக்காமல் எல்ம் வளர்ப்பது வீண் சிரமம், அதற்குப் பதில் ஆல், அத்தி இனத்து இச்சி மரம் வைக்கலாம். நம்மூர் ஆயா மரமும் எல்ம் குடும்பந்தான், ஆனால் இலை பெரிது, சிறு தட்டுக்கு ஒவ்வாது. மற்ற இடங்களில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அதைத் தெளியவைத்துத் தொட்டி வழியாக நன்றாக ஓடவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து போகும்.

இலை கொட்டிய கன்றுக்கு உரம் வேண்டாம். இலை இல்லாதபோது அது தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். விழுந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். புதுத் துளிர் விரிந்து கெட்டியானபின் கடலைப் புண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்த்து, வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.