பெரிய கெர்னல் பூட்டுக்குப் பதில் மவுண்டுக்கு ஒரு மியூடெக்ஸா, பல நுண்பூட்டுகளா?

லினக்ஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையம்) ஒரு நேரத்தில் ஒரு புராசஸை (ஓடும் நிரலை) மட்டும் அனுமதிக்க 1996இல் 2.0 பதிப்போடு வந்த பெரிய கெர்னல் பூட்டு 2011இல் 2.6.39 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டதால், சிங்கப்பூரின் ஒன்-நார்த் தொழில்நுட்பப் பூங்காவில் எங்கள் குழு பராமரிக்கும் பழைய கோப்பு முறைமை மாடியூலைப் புதிய கெர்னலுக்கு நகர்த்தியபோது இரண்டு வழிகளை எடைபோட வேண்டியிருந்தது. கோப்பு முறைமையின் தலைமைத் தகவலைக் கொண்ட சூப்பர்பிளாக்கில், மவுண்டுக்கு (இணைத்த ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும்) ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு, வைப்பது ஒன்று. ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு), ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் பகுதி), பிட்மேப் (காலி இடங்களின் வரைபடம்) என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுண்பூட்டு வைப்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தோம், இன்றும் என் பரிந்துரை அதுவே.

வேகத்தில் நுண்பூட்டே மேல். அதில் விவாதத்துக்கு இடமில்லை. எக்ஸ்ட்3 கோப்பு முறைமை அவ்வழியில் கெர்னலின் 2.5 வரிசையிலேயே சென்றது. ரைசர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை 2.6.33இல்தான் மாறியது, அதுவும் மவுண்டுக்கு ஒரு பூட்டாக.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பெரிய பூட்டைப் பிடித்திருக்கும் புராசஸ் உறங்கப் போனால் ஷெட்யூலரே (எந்தப் புராசஸ் ஓடுவது எனத் தீர்மானிக்கும் பகுதி) பூட்டை விடுவித்து, விழித்ததும் திரும்பப் பிடித்துக் கொடுக்கும். மியூடெக்ஸுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஜர்னலில் இடத்துக்காகக் காத்திருக்கும் புராசஸ் மியூடெக்ஸை விடாமலே உறங்கினால், கமிட்டை (ஜர்னலில் உள்ள மாற்றங்களை உறுதிசெய்வதை) முடித்து அந்த இடத்தைத் தர வேண்டிய புராசஸ் அதே மியூடெக்ஸுக்காக நிற்கும், இரண்டும் நகராது. ஆகவே இத்தகைய ஒவ்வோர் இடத்திலும் பூட்டை விட்டுப் பிடித்து, இடையில் கோப்பு முறைமையின் தரவு மரம் மாறிவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரே பூட்டானால் இந்த இடங்களை ஒரு கிரெப் தேடலில் பட்டியலிட்டுவிடலாம். நுண்பூட்டுகளிலோ, அந்தந்த இடத்தில் எவையெல்லாம் கையில் உள்ளன, எந்த வரிசையில் பிடிக்கப்பட்டன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ட்3இன் ஜர்னலுக்கான ஹெடர் கோப்பில் புலங்களுக்கு மேலே அவற்றைக் காக்கும் பூட்டின் பெயரைக் குறித்துவைத்திருந்தது சும்மா அல்ல. கெர்னலின் பூட்டுச் சோதனைக் கருவியான லாக்டெப் வரிசைப் பிழையைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஓடிப் பார்த்த பாதைகளில் மட்டுமே. பொறியாளர்கள் அடிக்கடி வேலை மாறும் சிங்கப்பூரில், எழுதியவரின் மனத்தில் மட்டும் இருக்கும் பூட்டு வரிசையை நம்பிக் குறிமுறையை விட்டுச்செல்ல எனக்குத் துணிவில்லை.

எங்கள் கருவிகளில் மவுண்டுகள் பல. ஒவ்வொன்றிலும் எழுதும் புராசஸ் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே மவுண்டில் பல செயலிக் கோர்கள் ஒருசேர எழுதும் சர்வர்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே நுண்பூட்டு தவிர்க்க முடியாததாகலாம். அங்கும் முதலில் மியூடெக்ஸில் நிலைப்படுத்திவிட்டு, பூட்டுக்கான காத்திருப்பை அளக்கும் லாக்-ஸ்டாட் நெரிசல் காட்டும் இடத்தை மட்டும் பிரிப்பேன்.