ஊசுடு ஏரியா, பிச்சாவரமா?

புதுச்சேரிக்கு வரும் உறவுக்காரர்கள் கையில் ஒரு நாளை வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்கிறார்கள்.

தூரம்: ஊசுடு, ஊரிலிருந்து மேற்கே பத்து கி.மீ. அளவுதான். பிச்சாவரத்துக்கு, சிதம்பரம் பக்கம் வரை போகணும். நாள் முழுக்க ஆகிவிடும்.

இடம்: ஊசுடு நன்னீர் ஏரி, 2008-ல் பறவைகள் சரணாலயமானது. பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்புநீரில் நிற்கும் அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

பார்க்க: ஊசுடுவில் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், குளிர்காலத்தில் வலசை வாத்துகளும் வரும். பிச்சாவரத்தில் எனக்குப் பறவையைவிட வேர்தான் பிடிக்கும். துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முட்டுவேர்கள் இருபக்கமும் வளைந்து நிற்கும். தண்ணீர் வற்றும் நேரமென்றால் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெட்டையைக் கூப்பிடும். தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். கிளையை ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

செலவு: பிச்சாவரத்தில் படகுக் கட்டணம் உண்டு. ஊசுடுவில் கரையில் நின்றே பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் போதும்.

வயதானவர்கள், காலையில் இரண்டு மணி நேரமே உள்ளவர்கள் ஊசுடு போங்கள், விடிந்ததும். பிள்ளைகளோடு முழுநாள் இருந்தால் யோசிக்காமல் பிச்சாவரம்.