படத்தைக் கருத்துக்கு வைக்க: வாட்ஸ்அப் குழுவா, ஃப்ளிக்கரா?

ஒரு படத்தைப் பற்றி உருப்படியாகக் கருத்துச் சொல்ல, எடுத்தவர் பார்த்ததையே நாமும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. 6000 × 4000 பிக்சல் படத்தை வழக்கம்போல் அனுப்பினால் அளவு வெகுவாகச் சுருங்கிவிடும். கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் அமுக்கமும் சேர்வதால் மீன்கொத்தியின் இறகு நுணுக்கம் குழைந்துபோகும். அந்திவானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். "ஷார்ப்பா இல்லையே" என்று லென்ஸின் மேல் பழி போடுவோம், பாவம். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உள்ளிட்ட, கேமரா படத்தோடு பதிந்துவைக்கும் எக்சிஃப் விவரங்களும் உதிர்ந்துவிடும்.

'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் ஜிபிஎஸ் பதிவாகியிருந்தால் இருப்பிடமும் கூடவே போகும். பறவைக் கூட்டின் படமென்றால் இருப்பிடத்தை நீக்காமல் அனுப்பவே கூடாது.

ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில், எடுத்தவர் மறைக்காதவரை எக்சிஃப் படத்தின் கீழேயே தெரியும். இதுதான் அதன் பெரிய பலம். பறக்கும் கொக்கின் சிறகு மங்கியிருக்கிறது, ஷட்டர் 1/250 நொடி என்றால், "1/2000க்குப் போங்கள், ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை" என்று துல்லியமாகச் சொல்லலாம். ஆறு மாதம் கழித்தும் அந்தக் கருத்து படத்தோடேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

ஃப்ளிக்கரின் இலவசக் கணக்கில் 1000 படங்கள்தான் வைக்கலாம், ஆகவே பொறுக்கி ஏற்றுங்கள். ஏற்றுமுன் படத்தின் நிற வரம்பை, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அதைவிட விரிந்த நிற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் விட்டால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும்.

உடனடிப் பாராட்டுக்கு வாட்ஸ்அப் போதும். விமர்சனம் வேண்டுமென்றால் ஃப்ளிக்கரில் ஏற்றி, இணைப்பை மட்டும் குழுவில் போடுங்கள்.