ஓட்டம் தொடக்கும் கைத்துவக்கும் அதன் கனத்த விசையும்: 11 வருட அனுபவம்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது எங்கள் பாடசாலை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 11 வருடமாக ஓட்டங்களைத் தொடக்கி வைப்பது நான்தான். கையில் இருப்பது வெற்றுத் தோட்டா போடும் சுழல் கைத்துவக்கு. குழல் அடைத்தது, குண்டு போகாது. சத்தமும் புகையும் மட்டும். விரலால் இழுக்கும் விசை கனம் என்று அதைப் புதிதாகப் பிடிப்பவர் எல்லோரும் சொல்வார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

ஒரே இழுப்பில் விரல் தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழற்றுகிறது, தோட்டாவை அடிக்கும் சுத்தியலை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னுக்குக் கொண்டுபோகிறது, கடைசியில் அதை விடுவிக்கிறது. கனம் அதனால்தான். தோட்டா எதுவும் இல்லாத நிலையில், விஞ்ஞானகூடத்தில் இழுப்பை அளக்கும் விற்றராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 55 நியூட்டன் காட்டியது. சுத்தியலைப் பெருவிரலால் முதலே இழுத்து வைத்தால் 18 தான்.

அப்படியென்றால் இழுத்து வைத்தே வெடி வைக்கலாமே? அதையும் செய்தேன். “செட்” சொன்ன பிறகு இழுத்தால் அந்தக் கிளிக் சத்தத்துக்கே பிள்ளைகள் பாய்கிறார்கள். முன்னரே இழுத்தால், விரல் பட்டாலே வெடிக்கும் துவக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொன்று, யாராவது முந்திப் பாய்ந்தால் உடனே இரண்டாவது வெடி வைத்து எல்லோரையும் நிறுத்த வேண்டும். அந்த அவசரத்தில் பெருவிரலுக்கு நேரமில்லை. ஆகவே கனத்த இழுப்பைப் பழகாமல் வழியே இல்லை.

அரைவாசி இழுத்து வைத்துக்கொண்டு, மீதியைப் பிறகு இழுக்கும் தந்திரம் என்னை ஒரு தரம் நன்றாக ஏமாற்றியது. ஒரு பிள்ளை இன்னும் இடுப்பை உயர்த்தி முடிக்கவில்லை, துவக்கு வெடித்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப வைத்தோம். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அடுத்து, துவக்கு திருத்தும் ஒருவரிடம் கொடுத்து ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினேன். விசை பஞ்சுபோல வந்தது. ஆனால் சுத்தியலின் அடி மெலிந்ததால் நாலு தோட்டாவுக்கு ஒன்று வெடிக்கவில்லை. “செட்” நிலையில் எட்டுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வெறும் கிளிக். புது ஸ்பிரிங் தேடிப் போட மூன்று மாதம் போனது. தயவுசெய்து ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

எனக்குச் சரிவந்தது பிடிதான். கையை இயன்ற அளவு மேலேற்றிப் பிடித்து, விரல் நுனியை விட்டு முதல் மூட்டு மடிப்பை விசையில் வைக்கிறேன். பிறகு இடையில் நிற்காத ஒரே இழுப்பு. வீட்டில் வெடித்த வெற்றுக் கோதுகளைப் போட்டு, குழலின் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து, அது விழாமல் இரவில் 25 தரம் இழுப்பேன். போட்ட கோதுகள் எல்லாம் வெடித்தவைதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான். ஆறு கிழமையில் கை மாறியது. இழுக்கும்போது தோள் அசைந்தால் ஓடும் பிள்ளைகள் அதைப் பார்த்தே கிளம்பிவிடுவார்கள். 100 மீற்றர் தூரத்துக்குச் சத்தம் போய்ச்சேர ஏறத்தாழ 0.3 வினாடி எடுக்கும் என்பதால், நேரம் பிடிப்பவர்கள் என் கைக்கு மேலே எழும் புகையைத்தான் பார்க்கிறார்கள். கை தாழ்ந்தால் அவர்களுக்கும் பிழைக்கும்.

கனத்தில் ஒரு பங்கு அழுக்கு. உருளையின் முன்பக்கத்தில் கரி படிந்தால் அது சுழலவே அடம்பிடிக்கும். மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்து, உலரத் துடைத்து, அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. கூட விட்டால் மணல் ஒட்டும். கடற்காற்றில் எங்களுக்கு இது போட்டி நாளன்றே செய்ய வேண்டிய வேலை. மறுநாள் என்றால் துரு பிடித்திருக்கும். காதுக்குப் பஞ்சு போதாது, காதுறை போடுங்கள்.

இன்னும் தீராத ஒன்று வியர்வை. மாசி வெயிலில் மத்தியானம் ஆகும்போது பிடி வழுக்கும். இந்த வருடம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் பிடியில் சுற்றியிருக்கிறேன். 20 ஓட்டம் வரை நழுவவில்லை.