எஸ்ஓ-101 ரோபோ கை: டேட்டா சயின்ஸிலிருந்து ரோபாட்டிக்ஸ் பிஎச்டிக்குப் போகிறவர் வாங்கலாமா?

டேட்டா சயின்ஸ் வேலையில் சில வருடம் இருந்துவிட்டு ரோபாட்டிக்ஸ் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறவருக்கு மாடல் பயிற்சி தண்ணி பட்ட பாடு. மோட்டாரைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் குறையைத் தீர்க்க ஏற்ற கிட், 2025இல் வந்த எஸ்ஓ-101. தி ரோபாட் ஸ்டுடியோவும் ஏஐ மாடல்களைப் பகிரும் தளமான ஹக்கிங் ஃபேஸும் சேர்ந்து வெளியிட்ட திறந்த வடிவமைப்பு இது. இதில் இரண்டு கைகள்: நாம் பிடித்து அசைக்க லீடர், அதைப் பின்பற்ற ஃபாலோயர். கையை இயக்கவும் பயிற்றுவிக்கவும் மென்பொருள் லெரோபாட்.

பாகங்களை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ+ பிளாஸ்டிக் இழையில், 0.2 மிமீ அடுக்கில், 15% இன்ஃபில்லில் (உள் நிரப்பு) அச்சிட்டால் போதும். கவனம் வேண்டியது மோட்டாரில். கைக்கு 6 எஸ்டிஎஸ்3215 சர்வோ (சொன்ன நிலைக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்). ஃபாலோயரில் ஆறுமே 1/345 கியர், அதாவது மோட்டார் 345 சுற்றினால் மூட்டு ஒரு சுற்று; இந்த எண் பெரிதானால் கையால் அசைப்பது கடினம். லீடரில் தோள் தூக்கும் மூட்டுக்கு மட்டும் 1/345, தோள் திருப்பத்துக்கும் முழங்கைக்கும் 1/191, மீதி மூன்றுக்கும் 1/147. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே டேப் ஒட்டி எழுதி வைக்காவிட்டால், மாட்டிய பிறகு லீடர் இறுகிப்போய்க் கிடக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

புது சர்வோ எல்லாவற்றுக்கும் ஐடி 1தான். ஒவ்வொன்றாக கண்ட்ரோல் போர்டில் இணைத்து 1 முதல் 6 வரை ஐடி கொடுத்த பிறகே சங்கிலியாகக் கோக்க வேண்டும். முதலிலேயே கோத்தால் ஆறும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் புரியாது. ஃபாலோயருக்கு 12 வோல்ட் மோட்டாரும் லீடருக்கு 7.4 வோல்ட் மோட்டாரும் வாங்கியிருந்தால் இரண்டு அடாப்டர் இருக்கும். மாற்றிச் செருகினால் லீடர் மோட்டார்கள் கருகும். 12 வோல்ட் ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

அளவீட்டில் (மூட்டுகளின் எல்லையை மென்பொருளுக்குக் காட்டும் காலிபரேஷன்), எல்லா மூட்டையும் நடு நிலையில் வைத்துத் தொடங்கச் சொல்வது சும்மா இல்லை. மூட்டின் நிலையை எண்ணாகச் சொல்லும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 4096 படி. ஓரத்தில் தொடங்கினால் பாதி வழியில் எண் 4095இலிருந்து 0க்குத் தாவும்.

காசுக்கு மதிப்பு தரவு சேர்க்கும்போதுதான் தெரிகிறது. லீடரை அசைத்து, கட்டையை எடுப்பது போன்ற வேலையை ஒருமுறை செய்து பதிவது ஒரு எபிசோடு. வழக்கமான தொடக்கம் 50 எபிசோடு. 30 எஃப்பிஎஸ்ஸில் (விநாடிக்கு 30 ஃபிரேம்) 15 விநாடி என்றால் எபிசோடுக்கு 450 ஃபிரேம், மொத்தம் 22,500. பெரிய டேட்டாசெட் போலத் தோன்றும். பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கையில் உள்ளது 50தான். ஃபிரேம்களைக் கலக்கி வேலிடேஷன் (சோதனைப் பகுதி) பிரித்தால் கசிவு: பயிற்சியில் பார்த்ததே சோதனையிலும் வரும். எபிசோடு வாரியாகப் பிரியுங்கள். அப்படிப் பிரித்துக் கிடைக்கும் லாஸையும் (மாடலின் பிழை அளவு) முழுக்க நம்ப முடியாது. காட்டியதைப் பார்த்துச் செய்யக் கற்கும் ஏசிடி மாடலின் லாஸ் அழகாக இறங்கியிருக்கும், கை மட்டும் கட்டைக்கு இரண்டு செமீ தள்ளிக் காற்றைப் பிடிக்கும். சின்னத் தவறு ஒன்று கையைப் பயிற்சியில் பார்க்காத இடத்துக்குக் கொண்டுபோகிறது, அங்கே அடுத்த தவறு இன்னும் பெரிது. லேபில் சேர்ந்தபின் வருடக்கணக்கில் மல்லுக்கட்டப்போவது இதனோடுதான். மருந்தும் தரவிலேயே: தவறிய நிலையிலிருந்து கையை மீட்டுக் கட்டையைப் பிடிக்கும் எபிசோடுகளையும் பதிவுசெய்யுங்கள். கேமரா ஸ்டாண்ட் நடுவில் நகர்ந்தால் பழைய பதிவுகளோடு சேர்க்காதீர்கள்.

வெற்றியைக் கணக்கிடுவதில் புள்ளியியல் தெரிந்தவர் ஒரு படி மேலே. பழைய முறையில் 20 முயற்சியில் 10 வெற்றி என்றால் 95% வில்சன் இடைவெளி, அதாவது உண்மையான வெற்றி விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 30% முதல் 70%. புது முறையில் 13 என்றால் 43% முதல் 82%. இந்த இரண்டை வைத்து "புது முறை மேல்" என்று எழுத முடியாது. விண்ணப்பத்தில் வீடியோவோடு இந்த எண்களையும் போடுங்கள். வீடியோவை யார் வேண்டுமானாலும் நல்லதாக வெட்டலாம்.

குறைகளும் உண்டு. பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை விட்டால் ஐந்தே மூட்டு, அதனால் நினைத்த கோணத்திலெல்லாம் பொருளை அணுக முடியாது. கியரில் ஆட்டம் இருக்கிறது. சர்வோவுக்கு நிலைதான் கட்டளை, நேரடி டார்க் (திருகு விசை) கட்டுப்பாடு இல்லை. காலால் நடக்கும் ரோபோ, விசைக் கட்டுப்பாடு செய்யும் லேபைக் குறிவைப்பவர் இதை விட்டுவிட்டு முஜோகோ சிமுலேட்டரில் டைனமிக்ஸ் (விசையும் இயக்கமும்) படிக்கலாம்.

வாங்கினால் 1/345 சர்வோ ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பொருளை அழுத்திக்கொண்டே நிற்பதால் கிரிப்பர் மோட்டார்தான் அதிகம் சூடாகிறது. லெரோபாட் அதன் டார்க் வரம்பைப் பாதியாகக் குறைத்தே வைக்கிறது, அதை ஏற்றாதீர்கள்.